பரவையார் புலவியும் சங்கிலியார் சூளும்

வீரசோழனை அடுத்த திருச்சுழியிலே திருமேனிநாதரை வழிபடுவோர், சேரமான் பெருமாளோடு அங்கே எழுந்தருளிப் பதிகம் பாடியவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள் என்பதை அறிவர். அதற்குமுன் இல்லறத்திலே அவர் பட்ட துயரமோ அத்துணை எண்ணப்படுவதில்லை.

திருவாரூரிற் பரவையாரை மணந்த நம்பிகள், பின்பு திருவொற்றியூரிலே சங்கிலியாரைக் காதலித்தனர். கனவிற்றோன்றி இம்மணத்தை உணர்த்திய இறைவரிடம், அவர் ஆரூரிலே மகிழ்ந்திருப்பவராயிற்றே என்று சங்கிலியார் விண்ணப்பித்தனர். பிரியேன் என்னுஞ் சூள் வேண்டப்பட்டது அதன்பொருட்டே. சந்நிதியிற் சூளுற்றாற் பிற பதிகளுக்குச் செல்லுதல் கூடாதென்று அஞ்சிய நம்பிகள், அவ்வேளையில் மகிழின்கீழ் எழுந்தருளியிருக்குமாறு இறைவரை வேண்டினர். இறைவரும் இசைந்தனர், இசைந்தவர், மகிழின்கீழேயே சூள்பெறுக என்று சங்கிலியாருக்கும் உணர்த்திவிட்டனர்! தோழமை வேறு, பெண்ணொருத்திக்குச் செய்யும் வஞ்சனை வேறு.

வேனில் வந்தது, ஆரூர் விழா நினைவுக்கு வந்தது. ஒற்றியூரெல்லையைக் கடந்தவுடன் இருகண்ணும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றனர்.

கண் திறந்தும் பரவையார் மனைக்கதவு திறந்திலது. சமாதானம் பேச வந்தாரிடம், இனி அவரைப்பற்றிப் பேசின் உயிர்விடுவேன் என்றனர். அருச்சகர் வடிவிலே நள்ளிரவில் தூதுவந்த இறைவரிடமும், சங்கிலி என்னும் பெயரையே சிலேடையாக்கி, பிணிப்புண்டவர்க்கு இங்கு இடமில்லையென மறுத்தனர். அச்சொல்லின் கூர்மை கணவர்மேலதே, சங்கிலியாரைச் சுடவில்லை. இரண்டாமுறை இறைவர் தம் திருவுருவோடு வந்தபோது இசைந்தனர். அடியார்பொருட்டு இறைவர் அலைவதைக் கண்டு இசைந்தாரேயன்றி, கணவர் செய்தது தக்கதென்று இசைந்தாரல்லர். சேக்கிழார் இப்புலவியைப் பழித்திலர். கயிலையிலே கமலினியார், அனிந்திதையார்மேல் மனம்வைத்ததனால் வந்த பிறப்பென்பர். அது காரணமாகும், சமாதானமாகாது. ஒற்றியூரில் தனித்திருந்த சங்கிலியார் நிலை அதிகம் பேசப்படாதது ஒரு குறையே.

தூதுச் செய்தி கேட்டுக் கொதித்த ஏயர்கோன் கலிக்காமர், சூலைநோய் தீர்க்க நம்பிகள் வருகிறார் என்றறிந்து வயிற்றைக் கிழித்து உயிர்நீத்தனர். இறைவரருளால் உயிர்பெற்ற பின்னரே இருவரும் நண்பராயினர்.

அடைத்திருந்த அம்மனையிலேதான் பின்னாளிற் சேரமான் பெருமாள் விருந்துண்டனர். ஆரூரினின்றே இருவரும் பாண்டிநாடு போந்து திருச்சுழியலை வணங்கினர்.

சேக்கிழார் பாடியது இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தில். சில பதிற்றாண்டுகளுக்குள், இரண்டாம் இராசாதிராசன் ஒற்றியூர்ப் பங்குனி விழாவிலே, அம்மகிழின்கீழ் அமர்ந்து ஆளுடையநம்பி புராணங் கேட்டதை, அவனது 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கூறுகின்றது.