ஆவணமும் பூக்குழியும்: சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் விழாவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளல்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நாராயண பிள்ளையிலிருந்தே தொடங்குவர். அதற்குக் காரணம் உண்டு. 1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து ‘இந்தியானா’ கப்பலில் வந்த அவர், இத்தீவின் முதல் செங்கற்சூளையை நிறுவியவர், துணி வணிகர். கோயிலுக்கென முதலில் தெலுக் ஆயர் தெருவில் கிடைத்த நிலத்தில் வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் இல்லை. 1821இல் கிடைத்த வேறோர் இடம் நகரத் திட்டத்தால் கைவிட்டுப் போயிற்று. 1823இல் இன்றைய இடம் ஒதுக்கப்பட்டது. 1827இல் மரத்தாலும் கூரையாலும் ஆன சிறு கோயில் எழுந்தது. ‘சின்ன அம்மன்’ எழுந்தருளினாள். செங்கற்கட்டடத்தின் பழைய பகுதி 1843ஐச் சேர்ந்தது. இன்றைய இராசகோபுரம் 1925இல் அமைந்தது. 1973இல் கோயில் தேசிய நினைவுச்சின்னமாயிற்று.

இவையெல்லாம் ஆவணம் தரும் செய்திகள். நிலம் பெற்றவரின் பெயரை ஆவணம் பேணும்; கல் சுமந்தவரின் பெயரைப் பேணாது. 1825 முதல் இந்தியாவைச் சேர்ந்த தண்டனைக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். கட்டடப் பணியில் அவர்களுள் திறன்மிக்கோர் உழைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களோடும் பின்வந்த கூலிகளோடும் இக்கோயிலுக்கு இருந்த உறவை அறிய, விழாவையே சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இங்கு நாம் கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. மூலவர் மாரியம்மன்; ஆயினும் இக்கோயிலின் பெருவிழாவாகிய தீமிதி திரௌபதி அம்மனுக்குரியது. மாரியம்மன் கோயில்களிலும் தீமிதி பரவலாக உண்டு என்று மறுப்போர் கூறலாம். அது சரியே, பூக்குழி மட்டும் சான்றாகாது. ஆனால் ஐப்பசியில் தீமிதிக்கு முன்னர்ப் பல வாரங்கள் நிகழும் பாரதப் படிப்பும் திரௌபதி திருக்கல்யாணமும் அரவான் பூசையும் சக்கரவர்த்திக் கோட்டையும் மாரியம்மன் வழிபாட்டில் அடங்குவன அல்ல. செஞ்சியை நடுவாகக் கொண்டு பழைய தென்னார்க்காட்டிலும் அதனை அடுத்த வட்டாரங்களிலும் செழித்த திரௌபதி வழிபாட்டின் கூறுகள் அவை. தொடக்ககால அடியார்களுள் கடலூர், நாகப்பட்டினம் பகுதியினர் மிகுந்திருந்தனர் என்ற செய்தியோடு இது பொருந்துகிறது. நிலத்தை வணிகர் பெற்றார். விழாவை உழைப்பாளர் கொணர்ந்தனர் என்று நான் துணிவேன்.

ஊர்வலத்தின் வழியும் ஆராய்தற்குரியது. கரகம் சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, ஏறத்தாழ 4 கி.மீ. கடந்து மாரியம்மன் கோயிலை அடைகிறது. தாயகத்துச் சிற்றூர்களில் ஆறோ குளமோ கரகம் புறப்படும் இடமாக அமையும். நெருக்கமான துறைமுக நகரில் பெருமாள் கோயில் அந்த இடத்தைப் பெற்றது எனலாம். பாரதக் கதையில் கண்ணன் திரௌபதிக்கு அண்ணன் முறையினன் ஆதலின், தங்கை தமையன் வீட்டிலிருந்து புறப்படுகிறாள் என்னும் பொருளும் இயல்பாகவே கிட்டிவிடுகிறது. புலம்பெயர்ந்தோர் சடங்கைச் சிதைத்தனர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே நிகழ்ந்தது சிதைவன்று.

தீமிதி தொடக்கத்தில் இக்கோயிலில் மட்டுமே நிகழ்ந்ததும் அன்று. ஆல்பர்ட் தெருப் பகுதிக்குத் தீ மிதிக்கும் திடல் எனப் பொருள்படும் பெயர் தமிழரிடையே முன்பு வழங்கியது. அங்கு வாழ்ந்த சீனரோ எள்ளெண்ணெய் ஆட்டும் தெரு எனப் பொருள்படும் பெயரைத் தம் மொழியில் இட்டிருந்தனர். கோயிலையொட்டிய பகோடா தெருவும் டெம்பிள் தெருவும் இன்றும் வரைபடத்தில் உள்ளன. திடலின் பெயர் வழக்கொழிந்தது.

தீமிதி இரவைப் படம்பிடிக்கத் திரள்வோர் பலர். பாரதம் படிக்கப்படும் மாலைகளுக்கு வரும் ஆய்வாளரோ மிகச் சிலர். கோயில் மரபில் வழங்கும் பாடத்தை முழுமையாக ஒலிப்பதிவு செய்து, கடலூர், விழுப்புரம் வட்டாரப் பாரதப் பிரசங்க மரபோடு வரிவரியாக ஒப்பிடவேண்டும். எந்த ஊரார் எந்தக் கிளைக்கதையை உடன்கொண்டு வந்தனர் என்பது அவ்வொப்பீட்டில்தான் புலப்படும்.