பாத்தியம்

பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லைக்குக் கீழே 'மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட' என்றொரு வரி வரும். 'பாத்ய' என்ற வடசொல்லின் வழி வந்தது பாத்தியம். கட்டுப்படுத்தத்தக்கது என்பது அதன் வடமொழிப் பொருள். தமிழில் அது உரிமையையும் பொறுப்பையும் சேர்த்தே குறித்தது. நில விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பேன்: எனக்கு வழிப் பாத்தியம் என்றால், பக்கத்து நிலத்துக்காரர் அந்த வழியை அடைக்கக் கூடாது.

சட்டத்தமிழில் இது வசதியுரிமை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. தனியார் நிலத்தில் 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, இடைவிடாமல், உரிமை என்றே நடந்திருந்தால் வழிப் பாத்தியம் உண்டாகும். அனுமதி கேட்டு நடந்த காலம் இதில் சேராது. ஊர்வழக்குகள் பலவற்றின் முடிச்சு இங்கேதான்.

'இங்கே கட்டடம் எழுப்பமாட்டேன்' என்பது போன்ற உடன்படிக்கை வேறு வகை. லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டம் பற்றிய 1848ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அத்தகைய உடன்படிக்கை இருப்பதை அறிந்தே நிலம் வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும் என்றது.

மனை வாங்குவோர் தாய்ப்பத்திரத்தின் பாத்திய வரியைப் படிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.