கண்ணுக்குத் தெரியாத குழியின் விலை

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குச் சற்று முன்பாக, ஊரின் தலைக்கு மேல் ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்பதைக் காணலாம். அதுவே தியாகதுருகம். குன்றின்மேல் உள்ள கோட்டையை 1790-இல் திப்பு சுல்தானின் படை தாக்கியது. கேப்டன் பிளின்ட் என்னும் ஆங்கிலத் தளபதி அதைக் காத்து நின்றார். இச்செய்தியை வரலாற்று நூல்களில் படிக்கலாம். ஆனால் அக்கோட்டைக்குக் கீழே, ஊர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் நடந்த மாற்றங்களைப் பற்றி எந்த நூலிலும் ஓர் அத்தியாயம் இல்லை. கோட்டைகள் கைமாறியதைவிட மக்களின் உடல்நலத்தை மிகுதியாக மாற்றியது கொல்லைப்புறமே என்று சொன்னால் மிகையாகாது.

ஒருவர் தம் வீட்டுக் குளியலறையைப் புதுப்பிக்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொத்தனார் வந்து மதிப்பீடு எழுதுகிறார். சுவரில் பதிக்கும் ஓடு, தரைக்கு வழுக்காத ஓடு, குழாய், கைகழுவும் தொட்டி, கழிப்பறைக் கோப்பை, கதவு எனப் பட்டியல் நீள்கிறது. கடைசி வரியாக, பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே, ‘பின்னால் ஒரு டேங்க்’ என்று சேர்த்துக் கொள்கிறார். ஓட்டின் நிறத்தைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடக்கும். டேங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. குளியலறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், உண்மையான செலவு அந்தக் கடைசி வரியில்தான் எப்போதும் ஒளிந்திருந்தது என்பது விளங்கும்.

நம் ஊர்ப்புற வீடுகளில் குளியலறை என்று தனி அறை இருந்ததில்லை. கிணற்றடியில் ஒரு துவைகல், பெண்கள் குளிக்கக் கீற்றுத் தட்டி, ஓடும் நீர் வாழைக்கும் தென்னைக்கும். இதற்கு மேல் ஏற்பாடு தேவைப்படவில்லை. மற்றத் தேவைக்கு வயல்வெளியும் ஏரிக்கரையும். கழிப்பறை நம் ஊருக்குப் புதியது என்பதற்கு அதன் பேச்சு வழக்குப் பெயரே சான்று. ‘கக்கூஸ்’ என்ற சொல் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் வாணிகம் செய்த அவர்களுடைய மொழியில் ‘கக்ஹவுஸ்’ என்பது கழிக்கும் வீடு. இலங்கைச் சிங்களவரும் இதே சொல்லைத் தம் வாய்க்கேற்ப வழங்குகின்றனர்.

இதனால் இந்தியருக்கு இக்கலை தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே மொகஞ்சதாரோவில் செங்கல் பாவிய குளியலறைகள் வீட்டுக்கு வீடு இருந்தன. தரையைச் சற்றே சாய்வாக அமைத்து, நீர் தெருவிலுள்ள மூடிய வாய்க்காலில் விழும்படி கட்டியிருந்தனர். கீழடியில் சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் கிடைத்துள்ளன. அந்த ‘உறை’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் வரும்.

இனிக் கழிப்பறையின் கதைக்கு வருவோம். 1596-இல் சர் ஜான் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயர், முதலாம் எலிசபெத் அரசியின் ஞானப்பிள்ளை, நீரால் கழுவப்படும் கழிப்பறை ஒன்றைப் படத்துடன் வெளியிட்டார். தொட்டிக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று உறுப்பு வாரியாக விலையும் போட்டிருந்தார். நம் கொத்தனாரின் மதிப்பீட்டுக்கு இது ஒரு முன்னோடி! ஆனால் கீழேயுள்ள குழியின் நாற்றம் குழாய் வழியே மேலேறி அறைக்குள் வந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, 1775-இல், அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி அதற்கு விடை கண்டார். கழிவுக் குழாயைப் பாம்புபோல் வளைத்தார், அவ்வளவுதான். வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நிற்கும். அந்த நீரே கதவு. கழிவு அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். வாயு அதைத் தாண்டி வர முடியாது. ஈயும் கொசுவும் அப்படியே. இதை நீரடைப்பு என்கிறோம். அசையும் உறுப்பு எதுவும் இல்லாத, துருப்பிடிக்காத, பழுதுபார்க்க வேண்டாத இக்கதவைவிட மலிவான கண்டுபிடிப்பு பொதுச் சுகாதாரத்தில் வேறு உண்டா என்பது ஐயமே.

கோப்பை மலிவாயிற்று, அதற்குக் கீழே உள்ளது மலிவாகவில்லை. இலண்டனில் வீடுதோறும் நீர்க் கழிப்பறை பெருகியபோது அத்தனையும் தேம்ஸ் நதியில் போய் விழுந்தது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் நதி நாறியது; நாடாளுமன்றத்தின் சன்னல்களில் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டனர். மூக்கு உறுத்தியதும் பணம் வந்தது. ஜோசப் பசால்கெட் என்ற பொறியாளர் நிலத்தடிச் சாக்கடைகளைக் கட்ட 30 லட்சம் பவுன் கடன் பெற அதே ஆண்டில் அனுமதி வழங்கப்பட்டது.

அத்தகைய பணம் இங்கே இல்லை. செலவிட மனமும் இல்லை. நம் நகரங்களில் எழுந்தது எடுப்புக் கழிப்பிடம். வீட்டின் பின்புறம் ஒரு சந்து, சுவரில் ஒரு சிறு கதவு, உள்ளே ஒரு வாளி அல்லது வெறும் தரை. விடியற்காலையில் ஒரு மனிதர், பெரும்பாலும் ஒரு பெண், தகரத்தையும் கூடையையும் கொண்டு வந்து அள்ளிச் செல்வார். வீட்டுக்காரருக்குக் குழி தோண்டும் செலவு இல்லை, குழாய்ச் செலவு இல்லை. அச்செலவை ஒரு சாதியின் முதுகில் ஏற்றிவிட்டதால் ஏற்பட்ட மலிவு அது. இலண்டன் பவுனில் கொடுத்ததை நாம் இப்படிக் கொடுக்கச் செய்தோம்.

குழி தோண்டும் முயற்சி நம் நாட்டில் கொக்கிப்புழுவைத் துரத்திக்கொண்டு வந்தது. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு இது. இதை ஒழிக்க முற்பட்ட ராக்பெல்லர் அறக்கட்டளை, 1930-களில் துளைக்குழிக் கழிப்பிடத்தை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. ஓர் அடிக்குச் சற்று மிகுந்த குறுக்களவில் சுமார் 20 அடி ஆழத்துக்குத் துரப்பணத்தால் துளையிட்டு, மேலே ஒரு பலகையை வைப்பார்கள். மென்மண் பகுதிக்குப் பொருந்தியது. தியாகதுருகம் போன்ற பாறை நிலத்தில் அத்துரப்பணம் எத்தனை அடி இறங்கியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். தவிர, நேர் கீழே திறந்த குழி. நாற்றமும் ஈயும் அப்படியே இருந்தன.

அடுத்த படி நம் மாநிலத்திலேயே எடுக்கப்பட்டது. 1950-களின் பிற்பகுதியில் மத்திய சுகாதார அமைச்சகம், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு, மூன்று இடங்களில் ஆய்வும் செயலும் இணைந்த திட்டங்களை நடத்தியது. வங்காளத்தில் சிங்கூர், தில்லிக்கருகே நஜஃப்கர், சென்னைக்கருகே பூவிருந்தவல்லி. இவற்றின் விளைவே ‘ஆர்.சி.ஏ.’ கழிப்பிடம். இதில் உள்ள நுட்பத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

நகரத்துக் கோப்பையின் நீரடைப்பு 50 மில்லிமீட்டர் ஆழமுடையது. அதைத் தள்ளிவிட ஒவ்வொரு முறையும் 10 லிட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். தலையில் குடம் சுமந்து நீர் கொண்டு வரும் குடும்பம் அதை எங்ஙனம் கொடுக்கும்? எனவே அடைப்பின் ஆழம் 20 மில்லிமீட்டராகக் குறைக்கப்பட்டது. கோப்பையின் சரிவு செங்குத்தாக்கப்பட்டது. இப்போது ஒரு சொம்பு அல்லது இரண்டு சொம்பு, அதாவது 1 முதல் 2 லிட்டர் நீரே போதும். இருபது மில்லிமீட்டர் என்பது உங்கள் கட்டைவிரலின் அகலம். வாயுவைத் தடுக்க அந்த அகலம் போதும் என்பதே பூவிருந்தவல்லி போன்ற இடங்களில் கண்ட உண்மை. இன்னொன்று: குழியைக் கோப்பைக்கு நேர் கீழே வைக்காமல், மூன்று அங்குலக் குழாயால் சில அடி தள்ளி வைத்தனர். குழி நிரம்பினால் வேறொரு குழி தோண்டிக் குழாயைத் திருப்பினால் ஆயிற்று. மேலே உள்ள அறையை இடிக்க வேண்டியதில்லை.

பீகாரில் பிந்தேஸ்வர் பாடக் 1970-இல் தொடங்கிய சுலப் இயக்கம் அந்த ‘வேறொரு குழி’யை முதலிலேயே தோண்டி வைத்தது. 1973-இல் ஆரா நகராட்சி கொடுத்த 500 ரூபாயில் இரண்டு மாதிரிக் கழிப்பிடங்கள் கட்டிக் காட்டப்பட்டன. எடுப்புக் கழிப்பிடத்தை இடித்து நீர் ஊற்றும் கழிப்பிடமாக மாற்றியமைப்பது அதன் பின் ஓர் அரசுத் திட்டமாயிற்று. 1979-இல் தொடங்கிய ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நம் நாட்டில் அதிக வீடுகளைத் தொட்ட ‘குளியலறைப் புதுப்பிப்பு’ இதுவேயன்றி, பளிங்கு பதித்தது அன்று. ஆயினும் முழுவதும் முடிந்துவிடவில்லை. கையால் மலம் அள்ளுவதை 1993-இல் ஒரு சட்டம் தடை செய்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, மனிதர் கையால் அள்ளப்படும் கழிப்பிடங்கள் நாட்டில் இன்னும் 7,94,390 உள்ளன என்று எழுதிக்கொண்டது. 2013-இல் மேலும் கடுமையான சட்டம் வந்தது.

அரசு கொடுத்த தொகையும் ஒரு வரலாறே. 1999-இல் தொடங்கிய முழு சுகாதார இயக்கத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு 500 ரூபாய். 2012-இல் 4,600 ரூபாயும், வேலை உறுதித் திட்டத்திலிருந்து 4,500 வரையும். 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் வந்தபோது 12,000. இது ஊராட்சிகளுக்கு உரியது. தியாகதுருகம் பேரூராட்சியாதலால் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கே பொருந்தும். 2011-இல் தமிழ்நாட்டு ஊர்ப்புற வீடுகளில் நூற்றுக்கு 23-இல் மட்டுமே கழிப்பறை இருந்தது என்பதை எண்ணினால், தொகை உயர்ந்ததன் காரணம் புரியும். ஆனால் சமவெளிக்கும் கல்வராயன் மலைக்கும் ஒரே தொகை. மலையில் சிமெண்டும் மணலும் செங்கலும் வளைவுப் பாதையில் மேலேற வேண்டும். அந்த வண்டிக்கூலி எந்தப் பட்டியலிலும் இல்லை.

இப்போது கொத்தனாரின் ‘டேங்க்’குக்குத் திரும்புவோம். செப்டிக் டேங்க் என்ற பெயரை 1895-இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் வழங்கினார். காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்கின்றன. கசடு அடியில் தங்குகிறது. தெளிந்த நீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்குச் செல்ல வேண்டும். நம் ஊர்களில் பலர் தடுப்புச் சுவரையும் விடுகின்றனர், உறிஞ்சுகுழியையும் விடுகின்றனர். பெரிய பெட்டியைக் கட்டி மூடிவிடுகின்றனர். ‘பெரிதாகக் கட்டினால் நிரம்பாது’ என்பது நம்பிக்கை. நிரம்பத்தான் செய்யும், அப்போது லாரி வர வேண்டும். லாரிக் குழாய் எட்டாத இடத்தில் ஒரு மனிதரை இறங்கச் சொல்கிறார்கள். உள்ளே உயிர்வளி இல்லை. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது. மிகுந்த அளவில் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. இவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. குளியலறை மதிப்பீட்டில் எழுதப்படாத தொகை இது.

மாற்றுவழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம், பள்ளிக் கணக்குத்தான். உறிஞ்சுகுழியில் நீரும் வாயுவும் மண்ணுக்குள் போய்விட, ஒருவரால் ஆண்டுக்குச் சேரும் கசடு சுமார் 0.05 கனமீட்டர். ஐந்து பேருக்கு 0.25. ஒரு மீட்டர் குறுக்களவும் ஒரு மீட்டர் பயன்படும் ஆழமும் உள்ள வட்டக் குழியின் கொள்ளளவு 0.785 கனமீட்டர். ஆக, ஒரு குழி மூன்று ஆண்டுக்கு வரும். இத்தகைய இரண்டு குழிகளுக்குத் தோண்ட வேண்டிய மண், மேல் இடைவெளியும் சுவரும் சேர்த்து, ஏறத்தாழ 3 கனமீட்டர். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஆறடி ஆழம் என்று ஒரு டேங்க் கட்டினால் தோண்ட வேண்டியது 240 கன அடி, அதாவது 6.8 கனமீட்டர். மண்ணில் கடப்பாரை இறங்கும் ஊரிலேயே இது இரண்டு மடங்குக்கு மேல். ஆறடிக்குள் பாறை முட்டும் ஊரில் வேறுபாடு இன்னும் கூடும்.

பாறை நிலத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மண் கழிவு நீரை வடிகட்டும். பாறை வெடிப்பு வடிகட்டாது, வாய்க்காலாகச் செயல்பட்டுப் பக்கத்துக் கிணற்றுக்கே கொண்டு போய்விடும். ஆகவே அங்கே குழியை ஆழப்படுத்தாமல், அகலமாகவும் மேடாகவும் அமைத்து, அடியில் மண்ணையும் மணலையும் பரப்ப வேண்டும். கிணற்றிலிருந்து 15 மீட்டர் என்ற பொது விதியைவிடத் தள்ளியே வைப்பது நல்லது. சுவருக்குச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கலாம். துளையுள்ள சிமெண்ட் உறைகளையும் இறக்கலாம். ஆம், கீழடிக் கிணற்றில் கண்ட அதே உறைதான்.

முதற்குழி நிரம்பியதும் கழிவை இரண்டாவது குழிக்குத் திருப்புகிறோம். நிரம்பியதை மூடி இரண்டு ஆண்டு அப்படியே விட்டால் கிருமிகளும் புழு முட்டைகளும் பெரும்பாலும் மடிந்து, உள்ளே இருப்பது நாற்றமற்ற, கறுத்த, பொலபொலவென்ற எருவாகிறது. கையுறை அணிந்து மண்வெட்டியால் வீட்டுக்காரரே எடுத்துத் தென்னைக்குப் போடலாம். இரு குழிகளுக்கும் நடுவே, கோப்பையிலிருந்து வரும் குழாய் பிரியும் இடத்தில், ஒரு சிறு தொட்டி இருக்கும். அதில் ஒரு வழியை ஒரு செங்கல் அடைத்திருக்கும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அச்செங்கல்லை எடுத்து மறுபக்கத்தில் வைக்க வேண்டும். இதற்குக் கொத்தனாரும் வேண்டியதில்லை.