அடுத்த அறை தெரியாத சிறையில்

நம் அங்கத்தினர்களில் பலர் எல்.டி.சி.யில் அந்தமான் சென்று, செல்லுலார் ஜெயிலையும் பார்த்து வந்திருப்பீர்கள். நானும் போனேன். சாவர்க்கர் இருந்த அறையைக் காண ஏறும் கூட்டத்தில் 1933-ம் வருஷத்தைப் பற்றி விசாரிப்பவர் குறைவு.

1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த கட்டடம். நடுவே கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு வரிசைகள். ஒரு வரிசையின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும். அறைக்கு ஒருவர். கைதிகள் முகம் பார்க்கக் கூடாது, சேர்ந்து யோசிக்கவும் கூடாது என்பதற்காகவே போட்ட பிளான்.

முதல் மகாயுத்த காலத்தில் தண்டனை பெற்று வந்தவர் பண்டிட் ராம் ரக்கா. பஞ்சாபி பிராமணர். சிறை விதிப்படி அவரது பூணூலைக் கழற்றிவிட்டார்கள். அது இல்லாமல் அன்னம் தொடமாட்டேன் என்று பட்டினி கிடந்து உயிரையே விட்டார். நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

1932 முதல் புரட்சிக்காரர்களை மறுபடியும் அங்கே அனுப்பினார்கள். பெரும்பாலும் வங்காளிகள், பகத் சிங்கின் சகாக்களும் உண்டு. இவர்கள் கூடிப் பேசி, நல்ல சாப்பாடு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம் கேட்டு 1933 மே 12-ல் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அதிகாரிகள் மூக்கில் குழாய் செருகிப் பால் புகட்டினர். பால் நுரையீரலில் இறங்கி, ஆறாம் நாளே மகாவீர் சிங் இறந்தார். மாதக் கடைசிக்குள் மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா இருவரும் போனார்கள். உடல்களைக் கடலில் போட்டதாகச் சொல்வார்கள்.

மூன்று சாவுக்குப் பிறகும் மற்றவர்கள் கலையவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தாய்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. 46-ம் நாள் சர்க்கார் இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகங்கள் வந்தன. சிறைக்குள்ளேயே வகுப்புகள் நடத்திச் சரித்திரமும் பொருளாதாரமும் படித்தார்கள்.

அந்தப் பழக்கம் 1937-ல் உதவிற்று. ஜூலையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தனர். இம்முறை கோரிக்கை, தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பு என்பது. காந்தியடிகளும் தாகூரும் வேண்டிக்கொண்டபின் நிறுத்தினார்கள். 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் கப்பலேறிவிட்டனர்.

ஏழு வரிசைகளில் மூன்றுதான் மிச்சம். 1979 முதல் தேசிய நினைவுச் சின்னம். எதிரேயுள்ள பூங்காவில் ராம் ரக்காவுக்கும் மற்ற மூவருக்கும் சிலைகள் உண்டு. ஒலி-ஒளிக் காட்சிக்கு முன்பே அங்கே போய்விடுங்கள். அந்த ஊரில் சீக்கிரம் இருட்டிவிடும்.