கல்முனையில் ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்குவதற்கு முன்

மருதமுனையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், பாவித்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கினார். கத்தாரில் வேலை செய்யும் வாப்பா அனுப்பிய காசு அது. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வந்தது. கார்டைப் பூட்டி, 'டூம்: த டார்க் ஏஜஸ்' விளையாட்டை இரண்டு நாளாக இறக்கித் திறந்தால், திரையில் வந்தது ஒரு பிழைச் செய்தி மட்டும்தான்.

"பதினொரு ஜிபி கார்ட் காக்கா. இதுக்கே திறக்குதில்லண்டா வேற எதுக்குத் திறக்கும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 2017 இல் வெளிவந்தபோது விளையாட்டுக்கான கார்ட்களில் உச்சத்தில் இருந்தது 1080 டிஐ. இன்றும் பழைய முறையில் படம் வரைவதில் அது ஆர்டிஎக்ஸ் 2060 ஐ முந்தும். ஆனாலும் டூம் அதில் திறக்காது. அந்தக் கார்டுக்கு வேகம் போதாமல் இல்லை. டூம் கேட்கிற ஓர் உறுப்பு அதில் இல்லை, அவ்வளவுதான்.

கார்ட்களை ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகளும் காணொளிகளும் பெரும்பாலும் எந்தக் கார்ட் எத்தனை பிரேம் தருகிறது என்பதிலிருந்தே தொடங்குகின்றன. புதிய கார்டைப் பெட்டியோடு வாங்குபவருக்கு அது போதும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பாவித்த கார்டைத் தேடுபவருக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது.

விளையாட்டு திறக்குமா?

டூம்: த டார்க் ஏஜஸ் 2025 மே 15 இல் வெளியானது. அதில் ஒளியும் நிழலும் 'ரே டிரேசிங்' என்ற முறையில் கணிக்கப்படுகின்றன. ஒரு விளக்கிலிருந்து புறப்படும் ஒளி எங்கே பட்டு எப்படித் தெறிக்கிறது என்பதை விளையாட்டு நடக்கும்போதே கார்ட் கணக்கிட வேண்டும். முன்பெல்லாம் அந்த வெளிச்சத்தை விளையாட்டைச் செய்தவர்களே முன்கூட்டிக் கணித்து, படங்களோடு சேர்த்துப் பதித்து அனுப்பினார்கள். இப்போது அந்த வேலை நமது கார்டின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அதற்கென்று தனிச் சுற்றுகள் உள்ள கார்ட்கள் என்விடியாவில் 2018 இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடும், ஏஎம்டியில் 2020 இல் ஆர்எக்ஸ் 6000 வரிசையோடும்தான் வந்தன. ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் கார்ட்கள், ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 5700 ஆகிய எதிலும் அவை இல்லை.

டூம் கேட்கும் குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. கார்டில் 8 ஜிபி நினைவகம் வேண்டும், கணினியில் 16 ஜிபி ராம் வேண்டும். இவை இருந்தால் 1080பி திரையில், 'லோ' அமைப்பில், வினாடிக்கு 60 பிரேம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 1440பி திரையில் 'ஹை' அமைப்பு வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் 3080 அல்லது ஆர்எக்ஸ் 6800 கேட்கிறார்கள்.

அதே ஆண்டு ஒக்டோபர் 10 இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' இதற்கு நேர்மாறானது. அதில் ரே டிரேசிங்கே இல்லை. குறைந்தபட்சமாக அவர்கள் சொல்வது ஆர்டிஎக்ஸ் 2060, 6 ஜிபி ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி அல்லது இன்டெல் ஆர்க் ஏ380. இது 1080பி, லோ, 30 பிரேமுக்கான அளவு. பரிந்துரைக்கும் அளவு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி அல்லது ஆர்க் பி580. டூமில் வாசலிலேயே நின்றுவிடும் 5600 எக்ஸ்டி இங்கே உள்ளே போய்விடுகிறது.

ஆனால் பேட்டில்ஃபீல்டுக்கு வேறொரு பூட்டு உண்டு. ஏமாற்றி விளையாடுவோரைத் தடுப்பதற்காக, மதர்போர்டில் 'செக்யூர் பூட்' இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. நமது பக்கத்துக் கணினிகள் பலவற்றில் விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் பதியப்பட்டிருக்கும். அந்த நிலையில் செக்யூர் பூட் வேலை செய்யாது. கடைக்குக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதியச் சொல்லக்கூடும். அது அவசியமில்லை. விண்டோஸுக்குள்ளேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது; கோப்புகள் அழியாமல் வட்டை மாற்றித் தரும். முதலில் முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள். இந்த வேலைக்காகப் புதுக் கணினி வாங்கியவரும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

எண்களை எப்படி வாசிப்பது

ஒரு சோதனையில் கார்ட் 'சராசரி 75 பிரேம்' தந்தது என்று எழுதியிருந்தால், அதற்குப் பக்கத்தில் '1 சதவீத லோ' என்ற இன்னோர் எண்ணைத் தேடுங்கள். 60 பிரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 16.7 மில்லிவினாடி, 30 பிரேம் என்றால் 33.3. எல்லாப் படங்களும் சீராக வந்தால் 60 உம் வழுக்கிக்கொண்டு போகும். சராசரி 75 ஆக இருந்தும் இடையிடையே ஒரு படத்துக்கு 50 மில்லிவினாடி எடுத்தால், எதிரி திரும்பும் அந்தக் கணத்தில்தான் திரை உறையும். சராசரி குறைந்தாலும் அடிமட்டம் உயர்ந்த கார்ட்தான் சுடும் விளையாட்டுக்கு நல்லது.

இரண்டாவது, சோதனை செய்தவரின் கணினி எது என்று பாருங்கள். கார்டை மட்டும் அளப்பதற்காக அவர்கள் சந்தையிலுள்ள மிக வேகமான புரொசெசரைப் பூட்டுவார்கள். அது சரியான முறைதான். ஆனால் பேட்டில்ஃபீல்டில் 64 பேர் வரை ஒரே களத்தில் ஓடுகிறார்கள், கட்டடங்கள் இடிகின்றன. அதையெல்லாம் கணக்கிடுவது புரொசெசர். 2018 ஆம் ஆண்டு ஐ5 ஒன்றை வைத்துக்கொண்டு விலை கூடிய கார்டைப் பூட்டினால், கார்ட் பாதி நேரம் சும்மா இருக்கும்.

மூன்றாவது திரை. 1440பி திரையில் 1080பி ஐவிட 1.78 மடங்கு புள்ளிகள், 4கே திரையில் நான்கு மடங்கு. உங்களிடம் இருப்பது 1080பி திரை என்றால் 4கே வரைபடங்களைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

'பிரேம் ஜெனரேஷன்' போட்டு எடுத்த எண்களை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே கார்ட் தானாக ஒன்றை வரைந்து செருகுகிறது. எண் கூடும், ஆனால் கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறையாது, சற்றுக் கூடவும் செய்யும். இணையத்தின் பிங் பிரச்சினையை எந்தக் கார்டும் தீர்க்காது என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கார்ட்?

புதிதாக வாங்குவதை முதலில் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 5060 இன் அறிமுக விலை 299 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 89,700 ரூபா. 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக இருக்கும் வாட் வரியைச் சேர்த்தால், கடைக்காரரின் இலாபத்தையும் கப்பல் கூலியையும் சேர்க்காமலே ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 2022 மார்ச்சுக்கு முன், டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில், இதே 299 டொலர் அறுபதாயிரத்துக்குள் அடங்கியிருக்கும். அதனால்தான் இங்கே பேச்சு பாவித்த கார்ட்களில் வந்து நிற்கிறது.

பாவித்தவற்றில் ஆர்எக்ஸ் 6600 தான் மலிவான நுழைவு. 8 ஜிபி, 132 வாட். பேட்டில்ஃபீல்ட் போன்ற விளையாட்டில் ஏறக்குறைய ஆர்டிஎக்ஸ் 3060 அளவுக்கு ஓடும். ரே டிரேசிங் வந்தால் பின்தங்கும். டூமின் குறைந்தபட்சக் கோட்டிலேயே நிற்பதால், அடுத்து வரும் விளையாட்டுகளுக்கு இடைவெளி அதிகமில்லை.

ஆர்டிஎக்ஸ் 3060 எனக்குப் பிடித்த தெரிவு, 12 ஜிபி என்றால் மட்டும். அதே பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றும் பின்னர் வந்தது. நினைவகம் மட்டுமல்ல, அதன் பாதையும் குறுகியது, வேகமும் குறைவு. பெட்டியில்லாமல் வாங்கும்போது இதில்தான் ஏமாறுவீர்கள். 3060 இன் இன்னொரு பலம் டிஎல்எஸ்எஸ். குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் இந்த முறையின் 2025 ஆம் ஆண்டுப் புதிய வடிவம் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரைக்கும் கிடைக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 ஐ அந்த நிறுவனம் ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்றே வெளியிட்டது. 6600 க்குக் கிடைப்பது பழைய எஃப்எஸ்ஆர். 1080பி திரையில் அதன் மினுமினுப்பு கண்ணுக்குத் தெரியும்.

ஆர்டிஎக்ஸ் 4060 பொதுவாக 3060 ஐவிட ஆறில் ஒரு பங்கு அளவில் வேகம், மின்சாரம் 115 வாட் மட்டும். ஆனால் 8 ஜிபி. இங்கே பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்: 4060, 5060, 6600 மூன்றும் மதர்போர்டோடு பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸின் எட்டுப் பாதைகளில். புதிய மதர்போர்டில் அது போதும். 2018, 2019 காலத்து 3.0 மதர்போர்டில் அதே எட்டுப் பாதையின் கொள்ளளவு பாதிதான். 8 ஜிபி நிரம்பி வழியும்போது கார்ட் கணினியின் ராமைத் தேடிப் போகும். பாதை ஒடுங்கியிருந்தால் அந்த இடத்தில் திரை தடுமாறும். 3060 க்குப் பதினாறு பாதை. பழைய மதர்போர்ட் உள்ளவருக்கு, வேகம் குறைந்த 3060 சீராக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ பேட்டில்ஃபீல்டுக்குத் தனியாக நல்ல கார்ட், 3060 ஐவிடத் தெளிவாக வேகம். இன்டெல் ஆர்க் பி580 இல் 12 ஜிபி இருக்கிறது, விலையும் ஆசை காட்டும். 'ரிசைசபிள் பார்' வசதி இல்லாத, பழைய புரொசெசர் உள்ள கணினிக்கு அது வேண்டாம். புதிதாகவே வாங்க வசதி இருப்பவர் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஐப் பார்க்கலாம்.

கையில் ஜிடிஎக்ஸ் 1060 போன்றது இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்தத் தலைமுறைக்கு, 1080 டிஐ உட்பட, புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும்.

உப்புக்காற்று

2022 செப்டெம்பர் 15 இல் இத்தீரியம் நாணயம் முறை மாறியபோது, அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்ட்கள் உலகம் முழுக்கப் பாவித்த சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடியது என்பதற்காகச் சிப் செத்துவிடாது. பாதிக்கப்படுவது காற்றாடியும், நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கும் வெப்ப அட்டையும்தான். இரண்டையும் மாற்றலாம்.

எனக்கு அதைவிடப் பயம் நமது கடற்காற்று. கடற்கரை வீதியில் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் சைக்கிள் செயினே எத்தனை நாளைக்குத் தாங்குகிறது? கார்டைக் கையில் எடுத்தால் திரைவயர் பூட்டும் துவாரங்களைப் பாருங்கள், பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். துருவோ பச்சைப் படிவோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கணினியையும் ஜன்னலுக்கு நேரே, நிலத்தோடு வைக்க வேண்டாம்.

போலிகள் இன்னும் புழங்குகின்றன. பழைய கார்டின் பயோஸை மாற்றிப் புதிய பெயரில் விற்பார்கள். 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள் பல போலி என்விடியா கார்ட்களைக் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் 2048 ஷேடர் உள்ள சீனச் சந்தை வகையும் உண்டு. உண்மையான 580 இல் 2304. கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு நேரில் போக முடிந்தால், கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்சலில் எடுப்பவர் ஓட்டிய காணொளியைக் கேளுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: 2022 இல் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க இருண்டதையும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் கணம்தான் கார்டுக்கு ஆபத்து. பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளையில் கார்டைப் பூட்டாதீர்கள். சிறிய யுபிஎஸ் விளையாடுவதற்கு அல்ல, ஒழுங்காக மூடுவதற்கு.

சத்தம்

எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இது இருக்காது. பேட்டில்ஃபீல்ட் தொடர் அதன் ஒலிக்குப் பெயர் போனது. தூரத்துச் சூடும் பக்கத்துச் சூடும் வேறு வேறாகக் கேட்கும், சுவர் விழுந்தால் நெஞ்சில் அடிக்கும்.

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில், வீடுகளுக்கு நடுவே துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும் நடந்தன. இறந்தவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அன்று ஒன்பது வயதாக இருந்த பிள்ளை இப்போது இந்த விளையாட்டைக் கேட்கும் வயதில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1990 இருக்கிறது. அந்த ஆண்டைக் கண்ட தமிழ் வீடும் முஸ்லிம் வீடும் ஒரே பிரதான வீதியின் இரு பக்கமும் இருக்கின்றன. விளையாடுபவருக்கு அது விளையாட்டு. பக்கத்து அறையில் படுத்திருக்கும் உம்மாவுக்கு, மதிலுக்கு அப்பால் இருக்கும் அம்மம்மாவுக்கு அது என்னவென்று அவர்களுக்கு நாம் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிய ஊஃபர் வைத்து ஓட்டிய ஒரு வீட்டில், வயதான ஒருவர் விளக்கை அணைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே எனது பட்டியலில் ஹெட்செட் கார்டுக்கு முன்னால் வருகிறது. விலை கூடியது தேவையில்லை. காதை முழுதாக மூடுவதாக இருந்தால் காலடிச் சத்தமும் நன்றாகக் கேட்கும்.

மருதமுனைத் தம்பி டூமை ஸ்டீமில் திருப்பிக் கொடுத்தார். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அங்கே காசு திரும்பக் கிடைக்கும். கார்டை விற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருவரும் உட்கார்ந்து வட்டை மாற்றி, செக்யூர் பூட்டை இயக்கினோம். பேட்டில்ஃபீல்ட் 1080 டிஐ இல், 1080பி திரையில், அமைப்புகளைக் குறைத்து ஓடுகிறது. ஹெட்செட்டின் வயர்தான் கட்டையாக இருக்கிறதாம்; கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டிருக்கிறார்.