வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி: ஒரு வரலாறு

கடல் சாமந்தி என்பது கடலடிப் பாறைகளில் ஒட்டி வாழும் விலங்கு ஆகும். கடல் அனிமோன் என்றும் இது அழைக்கப்படுகிறது. பவளம், சொறிமீன் ஆகியவற்றைப் போல இதுவும் குழியுடலிகள் தொகுதியைச் சேர்ந்தது. பூவிதழ் போலத் தோன்றும் இதன் உணர்கொம்புகளில் இரையைச் செயலிழக்கச் செய்யும் கொட்டும் செல்கள் உள்ளன.

இன்று வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைப்பவர்கள், தொட்டி தயாரான உடனே கடல் சாமந்தியை அதில் விடுவதில்லை. பல மாதங்கள் காத்திருக்கின்றனர். இந்தக் காத்திருப்பு ஏன் தேவை என்பதை மனிதர் அறிந்துகொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கிடையே பல கடற்கரைகள் வெறுமையாகின.

சாடியில் வாழ்ந்த பாட்டி

1828-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து இயற்கையியலாளர் சர் ஜான் கிரகாம் டாலியல், நார்த் பெரிக் கடற்கரையில் ஒரு கடல் சாமந்தியை எடுத்தார். அதை எடின்பரோவில் தம் வீட்டில் ஒரு சிறிய கண்ணாடிச் சாடியில் வைத்து வளர்த்தார். கடலிலிருந்து நீர் கொண்டுவரச் செய்து, சாடியின் நீரை அடிக்கடி மாற்றினார். அவ்வப்போது சிறிதளவு சிப்பி இறைச்சியே அதற்கு உணவு.

டாலியல் 1851-இல் இறந்தார். கடல் சாமந்தி உயிரோடு இருந்தது. அது பேராசிரியர் ஜான் பிளெமிங்கிடமும், அவருக்குப் பின் மருத்துவர் ஜேம்ஸ் மெக்பெயினிடமும் சென்றது. பிறகு எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவின் காப்பாளர்களான ஜான் சாட்லர், ராபர்ட் லிண்ட்சே ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக அதைப் பராமரித்தனர். மக்கள் அதற்கு 'கிரானி', அதாவது 'பாட்டி' என்று பெயரிட்டனர். நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்ற அது, 1887 ஆகஸ்டில் இறந்தது. மனிதர் பராமரிப்பில் மட்டும் 59 ஆண்டுகள் வாழ்ந்திருந்தது. கடல் சாமந்தியை வளர்க்கத் தொடங்குபவர், தம் ஆயுளையும் தாண்டக்கூடிய ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கிறார் என்பதைக் கிரானி காட்டியது.

நீர் கெடாமல் காத்தல்

நாள்தோறும் புதிய கடல்நீர் பெறும் வசதி எல்லோருக்கும் இல்லை. எனவே ஒரே நீரைக் கெடாமல் காப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. 1846-இல் அன்னா தைன் என்ற பெண்மணி டெவன் கடற்கரையின் டார்கீ நகரிலிருந்து உயிருள்ள பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக அதை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றி ஆற்றச் செய்தார். அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் பாத்திரத்தில் சேர்த்தார்.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் ஒரு நன்னீர்த் தொட்டிச் சோதனையை வெளியிட்டார். அதில் மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி வாழ்ந்தன. தாவரம் ஆக்சிசனைத் தந்தது. அழுகிய இலைகளை நத்தை தின்றது. பின்னர் இதே முறையை அவர் கடல்நீருக்கும் பயன்படுத்தினார்.

மோகமும் அழிவும்

1845-இல் பிரித்தானியாவில் கண்ணாடி வரி நீக்கப்பட்டது. கண்ணாடியின் விலை குறைந்தது. தொடர்வண்டிப் பாதைகள் கடற்கரை ஊர்களை நகரங்களோடு இணைத்தன. 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற நூல் வெளிவந்தது. நான்கு உப்புகளைக் கொண்டு செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் வெளியிட்டார். கடலுக்குத் தொலைவில் வாழ்ந்தவர்களும் இனிக் கடல் சாமந்தியை வளர்க்கலாம் என்ற நிலை உருவானது.

மக்கள் உளியும் வாளியுமாகக் கடற்கரைக்குச் சென்று பாறைகளிலிருந்து கடல் சாமந்திகளைப் பெயர்த்தெடுத்தனர். அவற்றுள் பல, புதிய தொட்டிகளில் விரைவிலேயே மடிந்தன. இறந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் கடற்கரையிலிருந்தே எடுத்தனர். காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், தம் சிறுவயதில் கண்ட பாறைக் குட்டைகளின் வளம் அழிந்துபோனதை எழுதியுள்ளார். தம் தந்தையின் நூல்களே அந்தக் கூட்டத்தைக் கடற்கரைக்கு இழுத்துவந்தன என்ற வருத்தமும் அதில் பதிவாகியுள்ளது.

கண்ணுக்குத் தெரியாத துணை

புதிய தொட்டிகளில் உயிரினங்கள் ஏன் மடிந்தன? அக்காலத்தவர் ஆக்சிசன் குறைவையே முதன்மைக் காரணமாகக் கருதினர். அது பாதி விடைதான். விலங்குகளின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. மூடிய தொட்டியில் அது நஞ்சாகத் தேங்குகிறது.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது நுண்ணுயிர்களே என்பதற்கு 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் ஆகியோரின் சோதனை சான்று தந்தது. 1890 அளவில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். புதிய தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. மணலிலும் கல்லிலும் பெருக வாரங்கள் ஆகின்றன. டாலியல் இதை அறிந்திருக்கவில்லை. ஆயினும் நீரை அடிக்கடி மாற்றியதால் அம்மோனியா தேங்காமல் பார்த்துக்கொண்டார். கிரானி நீண்ட நாள் வாழ்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்றைய நடைமுறை

கிரானி குளிர்கடலைச் சேர்ந்தது. ஏற்றவற்றத்தில் நீரின்றியும் சில மணி நேரம் தாங்கும் இனம். இன்று வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படுபவை, கோமாளி மீன்களுக்கு இடந்தரும் வெப்பக்கடல் இனங்கள். இவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. ஆகவே இவற்றுக்கு நல்ல நீரோடு வலுவான ஒளியும் தேவை.

இவற்றைத் தொட்டியில் சேர்க்கும்போது பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன:

1. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த, பல மாதங்கள் நிலைபெற்ற தொட்டியிலேயே விடுதல்.
2. கொண்டுவந்த நீரில் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, உப்பின் அளவுக்கும் வெப்பநிலைக்கும் பழக்குதல்.
3. கடல் சாமந்தி ஊர்ந்து இடம் மாறும் என்பதால், நீரேற்றியின் உறிஞ்சு வாயை வலையால் மூடுதல்.
4. அது தானே இடம் தேடி ஒட்டிக்கொள்ள விடுதல். பிடுங்கினால் அதன் அடித்தட்டு கிழியும்.

குமிழ்முனைக் கடல் சாமந்தி போன்ற சில இனங்கள் தொட்டியிலேயே இரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. அவ்வாறு பெருகியவற்றை வாங்குவோர் கடலிலிருந்து புதிதாக ஒன்றை எடுக்கவேண்டியதில்லை. எட்மண்ட் காஸ் கண்ட அழிவு வேறொரு கடற்கரையில் திரும்ப நிகழாமல் தடுப்பதில், வீட்டில் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கும் இவ்வாறு பங்கு உண்டு.