முறுக்கும் பிரியும்

ஏற்காட்டில் நாங்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில் மூத்த எழுத்தாளர் ஒருவர் ஒன்றரை மணிநேரம் உரையாற்றினார். பின்னர் பதிவைக் கேட்டபோது பெரும்பகுதி கரகரப்பு, ஊடே மௌனம். ஒலிவாங்கியின் வடம் உள்ளே அறுந்திருந்தது. முந்தைய கூட்டங்கள் முடிந்ததும் அதை முழங்கையில் இறுக்கிச் சுற்றிப் பைக்குள் திணித்தவர்கள் நாங்களேதாம். அவ்வுரையை மீண்டும் நிகழ்த்த அவர் இன்று இல்லை.

மலையிறங்கிச் சேலத்தை நெருங்கினால் சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு எதிர்ப்படும். 1930-களின் நடுவே டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவை அதன் தயாரிப்புகளே. நடிகர்களைப் பற்றியும் வசனகர்த்தாக்களைப் பற்றியும் நிறைய எழுதியாயிற்று. ஒலிவாங்கியிலிருந்து பதிவுக்கருவிவரை ஓடிய வடத்துக்கும், அன்றாடம் அதைச் சுருட்டிவைத்த கைகளுக்கும் நம் திரைவரலாறுகளில் இடமில்லை.

சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர் என்பது இங்கே தற்செயலாகவேனும் பொருந்திவருகிறது. முறுக்கு குறைந்தால் நூல் அறும், மிகுந்தால் சுருண்டு சிக்காகும் என்பதைச் சேலத்து நெசவாளர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிவடமும் அவ்வாறே. உள்ளே உறையிட்ட இரு கம்பிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருக்கும்; ஒவ்வொன்றும் மெல்லிய செப்பிழைகளின் புரி. முழங்கையில் சுற்றும்போது வளைவும் முறுக்கும் ஒருசேர ஏறி, இழைகள் ஒவ்வொன்றாக ஓசையின்றி அறுகின்றன.

கடலடித் தந்திவடம் பதித்தவர்கள் இச்சிக்கலை முன்பே அறிந்திருந்தனர். 1870-இல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே வடம் பதித்த 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலில், பெருந்தொட்டிகளுக்குள் அது வளையம் வளையமாகக் கிடத்தப்பட்டிருந்தது. அசையாத தொட்டியில் இடும் ஒவ்வொரு வளையமும் வடத்தில் ஒரு முழு முறுக்கை ஏற்றும். மேலிருந்து உருவும்போது அது கழன்றுவிடும். மேடையில் அவ்வளவு நிதானத்துக்கு யாருக்குப் பொறுமை? ஆகவே ஒலிக்கலைஞர்கள் வேறு வழி கைக்கொண்டனர். ஒரு வளையத்தை இயல்பாக இட்டு, அடுத்ததை மணிக்கட்டைப் புரட்டி உள்முகமாக இடுவார்கள். முன்னதின் முறுக்கைப் பின்னது ஈடுசெய்யும். வீசினால் நூறடி வடமும் நேராகப் போய் விழும். ஆனால் முனை வளையங்களுக்குள் நுழைந்துவிட்டாலோ, இழுக்க இழுக்க வரிசையாக முடிச்சுகள்தாம். முனைகளை வெளியே விட்டுத் துணிநாடாவால் தளர்வாகக் கட்டுவது இதனால்தான்.

ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில், மூடுபனிக்கு நடுவே, இன்னுமொன்று சேர்கிறது: ஈரம். துடைக்காமல் மூடிவைத்த பின்களில் களிம்பேறும். ஆணியில் தொங்கவிட்டால் அந்த ஒரே இடத்தில் வடம் மடியும். பருத்த மரமுளையே ஏற்றது.

உரையில் தெளிவாக எஞ்சியவை முதல் இருபது நிமிடங்கள். அவற்றை எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கிறோம். தம் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இடத்தில் குரல் அறுகிறது.